தன்னம்பிக்கையின் குடல்வால்

எல்லோரும் அவனைத் 'தன்னம்பிக்கை' என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பெனி கம்பெனியாகப் போய், வேலை பார்த்துக் களைத்த சனங்களை உட்காரவைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "வலி உடம்புல இல்லைங்க, மனசுல இருக்கு!" என்று முழங்குவதுதான் அவன் பிழைப்பு. கேட்டவர்கள் கைதட்டினார்கள். கைதட்டி முடித்ததும் அதே முதுகுவலியோடு அதே நாற்காலிக்குத் திரும்பினார்கள்.

அவன் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருபவள். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுபவள். அவளிடம் யாரும் தன்னம்பிக்கை பற்றிப் பேசியதில்லை.

ஒரு சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று மறுநாள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவன், தொப்புளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் வாந்தி. வலி தொப்புளிலிருந்து நகர்ந்து வலப்பக்க அடிவயிற்றில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டது. அவன் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவளுக்குப் பார்த்தவுடனே புரிந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கும் இதே இடத்தில் இதே வலி வந்தது. அப்போது அவன், "மூச்சை இழுத்து விடு, எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே இழுத்தடித்தான். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வயிற்றைக் கீறிக் கழுவி, சீழ் வடிய ஒரு ரப்பர் குழாயைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே அடுப்படியில் நின்றாள். வேறு யாரும் நிற்கவில்லை என்பதால் நின்றாள். அதை அவன் ஊரெல்லாம் மேடையில் சொன்னான். "என் மனைவியைப் பாருங்க, மனசு வச்சா எழுந்திரிச்சிடலாம்!" அதற்கும் கைதட்டல்.

இப்போது அவள் மூச்சு இழுக்கச் சொல்லவில்லை. சாவியை எடுத்தாள், காரில் ஏற்றினாள். வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன், "ஐயோ, மெதுவா! கொல்லப் பாக்கறியா?" என்று அலறிக்கொண்டே வந்தான்.

ஸ்கேன் பார்த்த அறுவைசிகிச்சை டாக்டர் வார்த்தையை எண்ணிப் பேசும் அம்மா. "குடல்வால் வீங்கியிருக்கு. வெடிக்கல. துளை போட்டே எடுத்துடலாம்" என்றாள்.

"எத்தனை துளை டாக்டர்?"

"மூணு. தொப்புள்ல ஒண்ணு, அதுல கேமரா போகும். கீழே சின்னதா ரெண்டு, அதுல கருவி. வயித்துக்குள்ள வாயுவை நிரப்பி, பலூன் மாதிரி தூக்கிக்குவோம், அப்பதான் உள்ள இடம் கிடைக்கும். குடல்வாலுக்கு வர்ற ரத்தக்குழாயை அடைச்சிட்டு, அடியில நூல் சுருக்குப் போட்டு இறுக்கி வெட்டுவோம். ஒரு சின்னப் பைக்குள்ள போட்டு தொப்புள் வழியா வெளிய எடுத்துடுவோம்."

"வலிக்குமா?"

டாக்டர் அவன் கேஸ் தாளைப் பார்த்தாள். தொழில் என்று போட்ட இடத்தில் 'தன்னம்பிக்கைப் பயிற்சியாளர்' என்று இருந்தது. அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "மயக்கத்துல இருப்பீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆபரேஷன் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். கண் விழித்தவன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, "ஹார்ட் அட்டாக்! யாராவது வாங்க!" என்று கத்தினான். ஓடிவந்த நர்ஸ் நாடியைப் பார்த்தாள், மானிட்டரைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை.

"உள்ள நிரப்பின வாயு கொஞ்சம் தங்கியிருக்கு சார். அது மேல நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற திரையை உறுத்தும், வலி தோள்ல தெரியும். எழுந்து நடங்க, சரியாப் போயிடும்."

"நடக்கறதா? இப்பதான்மா வயித்தைத் திறந்திருக்காங்க!"

"திறக்கல சார். துளை போட்டாங்க."

பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே ஆபரேஷன்தான். அவர் காலையிலிருந்து தாழ்வாரத்தில் நாலு சுற்றுப் போய்விட்டு வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தன்னம்பிக்கை அவரைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் நர்ஸும் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். கழிவறைக்குப் போய்வரும் வரை முனகினான்.

வீட்டுக்கு வந்தபின் கட்டிலைவிட்டு இறங்கமாட்டேன் என்றான். தலையணையை மாற்று, திரையை இழு, சூப்பில் உப்பு இல்லை, டிவி சத்தம் அதிகம். துளை மூன்றின் மேலும் ஒட்டியிருந்த பிளாஸ்திரி, பிள்ளைகள் முட்டியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத்தான் இருந்தது. அவள் பார்த்துப் பார்த்துச் சலித்து, ராத்திரி அவன் முனகல் கேட்காமல் இருக்க முன்னறைச் சோபாவில் படுத்துக்கொண்டாள்.

பார்க்க வந்தவர்களிடம் அவன் பேச்சே வேறு. ரெண்டு மணி நேர ஆபரேஷனாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் காலியாம். டாக்டரே ஆடிப்போய்விட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை அவன் அக்காவும், அவன் பேச்சைக் கேட்டு மயங்கிய ஒரு கம்பெனி மேனேஜரும் வந்திருந்தபோது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஆபரேஷனின்போது கேமராவில் பதிவான படத்தை ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்திருந்தான்.

"டிவில போடும்மா. எல்லாரும் பாக்கட்டும், மனுஷன் என்ன பாடு பட்டிருக்கான்னு."

"வேணாங்க" என்றாள்.

"போடுன்னா போடேன்."

போட்டாள்.

திரை முழுக்க மஞ்சள் கொழுப்பு. எங்கே பார்த்தாலும் கொழுப்பு. ஒரு நீளக் கருவி அதை ஒதுக்கியது. ஒதுக்க ஒதுக்க அது சரிந்து வந்து மறைத்தது. டாக்டர் அம்மாவின் பாதிப் பொறுமை அந்தக் கொழுப்பிலேயே போயிருக்கும். ஒருவழியாகக் குடல்வால் தலைகாட்டியது. சுண்டுவிரல் பருமன், லேசாகச் சிவந்து, ஊதிப்போய். நூல் சுருக்கு இறங்கி இறுகியது. கத்தரி வெட்டியது. பைக்குள் போனது. திரை இருட்டானது. மேனேஜர் கையிலிருந்த காபி இன்னும் ஆறியிருக்கவில்லை.

"இவ்ளோதானா?" என்றாள் அக்கா.

"இது... இது சுருக்கின படம் அக்கா."

"மூலையில மணி ஓடுச்சேடா. ஆரம்பத்துலேருந்து முடியற வரைக்கும் அரை மணி வரலையே." அக்கா தம்பி மனைவி பக்கம் திரும்பினாள். "உனக்குத்தானேம்மா அப்ப வெடிச்சுப் போச்சு? குழாயெல்லாம் போட்டு, மூஞ்சி வெளுத்துக் கிடந்தியே. உன்னைக் கொண்டுவந்து போட்டதுக்கப்புறம் இவன் எங்க இருந்தான்?"

அவன் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வெளியூர்ல பேச்சு இருந்துச்சு" என்றாள் அவள்.

"எதைப் பத்தி?"

"வலியைப் பத்தி."

மேனேஜருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. காபி மூக்கில் ஏறி, இருமி, கண்ணீர் வந்து, மன்னிப்புக் கேட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போனார். அவள் சிரிக்கவில்லை. அவன்மேல் கோபம் வந்திருந்தால்கூட அவனுக்கு அது ஒரு மரியாதை. அவளுக்குக் கோபமும் வரவில்லை. நசுங்கிய பூச்சியைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு டிவியை அணைத்தாள்.

அடுத்த வாரம் மறுபரிசோதனையில் டாக்டர் துளைகளைப் பார்த்து, "நல்லா ஆறியிருக்கு, கொஞ்ச நாளைக்குக் கனமான எதையும் தூக்காதீங்க" என்றாள். அவன் மறுபடி மேடை ஏறினான். இந்த முறை தன் ஆபரேஷனையே கதையாகச் சொன்னான். கைதட்டினார்கள்.

அவள் சோபாவைவிட்டு உள்ளறைக்குத் திரும்பவில்லை. ஒரு மெத்தை வாங்கி முன்னறை ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத்தான் சரியாயிடுச்சே, இன்னும் ஏன் அங்க படுக்கற?" என்று ஒருநாள் கதவோரம் நின்று கேட்டான்.

"நல்லாத் தூக்கம் வருதுங்க" என்றாள், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு. "போகும்போது லைட்டை அணைச்சிட்டுப் போங்க."