சுண்டுவிரலில் ஏழு நாள்

"ஏழு நாளும் ஒரே விரலா டீச்சர்? கண்ணனுக்கு வலிச்சிருக்காதா? கை மாத்திவிட ஒருத்தர்கூடவா இல்ல?" என்று ஒரு குழந்தை கேட்டு இரண்டு நிமிடம் ஆவதற்குள், மேசையில் இருந்த காகித மலை நான்கு விரற்கடை மேலெழும்பி அந்தரத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மலையின் எடை மூன்றே முக்கால் கிலோ, ஈரப் பசை நீங்கலாக.

கேட்டவளுக்கு ஐந்தரை வயது. தையல்காரரின் ஒரே மகள். இரண்டு வயதில் அப்பாவின் டப்பாவிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து விழுங்கி, தெருவையே மூன்று நாள் கவலையோடு காத்திருக்க வைத்தவள் என்பதால் பொத்தான் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கேட்கப்பட்டவர் பைண்டர் டீச்சர். வாரத்தில் ஆறு நாள் அச்சகத்தில் புத்தகம் தைத்து அட்டை போடுகிறவர். ஏழாம் நாள் சைக்கிள் கடை மாடியில் இருபத்து மூன்று குழந்தைகளைக் கூட்டி ஒரு கதை, ஒரு கைவேலை, நாலு வரிப் பாட்டு என்று சொல்லிக் கொடுக்கிறவர். பிள்ளைகள் சாமியைப் படத்தில் பார்த்துக் கும்பிடுவதோடு நின்றுவிடக் கூடாது, கையில் பசையோடு தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். அச்சகத்தில் வெட்டிப் போடும் தாள் ஓரங்களை முதலாளி மூட்டையாகவே கொடுத்துவிடுவார். அந்தத் தாளில்தான் யானைத் தலையும் மயில் தோகையும் பாம்புப் படுக்கையும் அந்த மாடியில் உருவாயின. அந்த வாரம், கண்ணன் மழைக்குக் குடையாகத் தூக்கிப் பிடித்த மலை. பாட்டும் டீச்சரே கட்டியதுதான்:

தூக்கிய மலையின் கீழே
தூங்கிடும் கன்றும் பசுவும்
பார்த்துநீ நின்றாய் கண்ணா
பாரமும் பூவாய் ஆச்சே

பொத்தானின் கேள்விக்கு டீச்சர், "அவர் சாமிம்மா, அவருக்கு வலிக்காது" என்றார். பசை காய்ந்துகொண்டிருந்த அவசரத்தில் சொன்ன பதில். பொத்தானிடம் அது செல்லுபடியாகவில்லை. "சாமின்னா வலிக்கக் கூடாதுன்னு யார் சொன்னாங்க?" என்றவள், இடது கைச் சுண்டுவிரலை உயர்த்தி, "நான் பிடிச்சுக்கறேன். அவர் கொஞ்ச நேரம் கையை உதறிக்கட்டும்" என்றாள். அப்போதுதான் மலை எழும்பியது. மற்ற பிள்ளைகள் பெரிதாக ஒன்றும் வியக்கவில்லை. அடுத்தது நான்தான் என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். சத்தம் கேட்டு மேலே வந்த சைக்கிள் கடைக்காரர், மலைக்கும் மேசைக்கும் நடுவில் ஸ்பேனரை விட்டு இழுத்துப் பார்த்தார். "நூல் கீல் ஒண்ணும் இல்லம்மா. சுத்தமாத்தான் நிக்குது" என்று சொல்லிவிட்டு, பஞ்சருக்கு ஆள் காத்திருந்ததால் கீழே போய்விட்டார்.

வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் கை கழுவினார்கள். பொத்தான் மட்டும் ஒரு கையை உயர்த்திப் பிடித்தபடியே படியிறங்கினாள். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்கக் கொட்டிய மழையில் சைக்கிள் கடை மாடியும் தையல்காரர் வீடும் மட்டும் நனையவில்லை. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அக்கம்பக்கத்தார் தையல்காரர் வீட்டு மொட்டைமாடியில் எட்டுக் கொடிகள் கட்டித் துணி உலர்த்திவிட்டார்கள். கிளிப் கொண்டுவராதவர்களிடம் தையல்காரரின் மனைவி கடிந்துகொண்டாளே தவிர, யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் பொத்தான் விரலை இறக்கவில்லை. அந்தக் கையை உயர்த்தியே குளித்தாள், தின்றாள். தூங்கும்போது விரல் கொடிக்கம்பம் போலப் போர்வைக்கு வெளியே நின்றது. புதன்கிழமை விரல் வீங்கியது. வியாழக்கிழமை நகம் நீலம் பாரித்தது. டாக்டர் மடக்கினார், மடங்கியது. கையை எடுத்தார், நிமிர்ந்தது. வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அச்சக வாசலில் பொத்தானின் அம்மா வந்து நின்றாள். "அக்கா, நாலு நல்லது தெரிஞ்சுக்கட்டும்னுதான் உங்ககிட்ட அனுப்பினேன். மலையைத் தூக்கிட்டு வான்னா அனுப்பினேன்?" என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "இறக்குடி கண்ணுன்னா, இறக்கினா கண்ணனுக்கு யாரும்மா இருக்காங்கன்னு கேக்கறாக்கா. இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டி வந்துடுமோன்னு பயமா இருக்கு." டீச்சர் அவளை உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை, தைப்பதற்கு அடுக்கிய புத்தகம் ஒன்றைப் புரட்டிச் சரிபார்த்தபோது நடுவில் பதினாறு பக்க மடிப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு புத்தகம் அவர் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மடிப்பைத் தேடி எடுத்துச் செருகப் போனவரின் கை அப்படியே நின்றது. கண்ணன் மலையைத் தூக்கியபோது ஆயர்கள் சும்மா நிற்கவில்லை. கிழவர், பெண்கள், குழந்தைகள் எல்லாரும் தங்கள் கோல்களை மலைக்கு முட்டுக் கொடுத்து நின்றார்கள். அது கதையில் இருக்கிறது. டீச்சர்தான் சொல்லவில்லை. கைவேலைக்கு வாங்கிய குச்சிகள் முந்தின வாரமே தீர்ந்துபோயிருந்தன. குச்சி இல்லாமல் கோலை எப்படிச் செய்வது என்று, அந்த இடத்தைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டார். ஒரு மடிப்புக் குறைந்த கதையை வாங்கிப்போன பிள்ளை, அந்தக் குறையைத் தன் விரலால் தாங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவர் சைக்கிள் கடைக்குப் போனார். "அண்ணே, பழைய சக்கரக் கம்பி இருந்தா ஒரு இருபத்து மூணு கொடுங்களேன்."

"மலைக்குச் சக்கரம் கட்டப் போறீங்களா?" என்று கேட்டவர், விஷயத்தைக் கேட்டதும் ஒவ்வொரு கம்பியின் நுனியையும் அரத்தால் ராவி, பிள்ளைகள் கையைக் கிழிக்காதபடி ரப்பர் மாட்டிக் கொடுத்தார். இருபத்து நான்கு இருந்தன. "ஒண்ணு எனக்கு. மேல வந்து நானும் பிடிக்கறேன். சைக்கிள்காரன் மட்டும் என்ன, நனையறதுக்குப் பொறந்தவனா?"

அன்று டீச்சர் பிள்ளைகள் முன்னால் கை கூப்பி நின்றார். "போன வாரம் கதையில ஒரு இடத்தை விட்டுட்டேன். மறக்கல, வேணும்னேதான் விட்டேன். தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டு, கோல்களின் கதையைச் சொன்னார். கண்ணனுக்கு அந்தக் கோல்கள் தேவையே இல்லை என்றாலும் ஒருவரையும் அவர் தள்ளி நிற்கச் சொல்லவில்லை என்றார். பொத்தான் வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"அப்போ ஆள் இருந்தாங்களா?"

"ஊரே இருந்ததும்மா."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்!" என்றாள் பொத்தான், கடையில் சில்லறை தாமதமானதைச் சொல்லும் பெரிய மனுஷி போல. இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒரு சைக்கிள் கடைக்காரரும் மலையடியில் கம்பியை வைத்து நின்றார்கள். வலது கையில் தன் கம்பியோடு அவள் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, மெல்ல இடது விரலை இறக்கினாள். மலை, தோள் மாற்றிக்கொள்கிற ஆள் போல லேசாக அசைந்து, மறுபடி நின்றது. வெளியே ஏழு நாளாகப் பெய்த மழை விட்டது. கூடவே வந்திருந்த அவள் அம்மா மகளின் விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். பாட்டின் கடைசி வரியைப் பிள்ளைகளே மாற்றினார்கள். "பாரத்தில் பங்கு தாராய்" என்று அன்றிலிருந்து பாடப்படுகிறது.

அதன் பிறகு மலை அங்கேயே நின்றது. வகுப்பு தொடங்குமுன் ஆளுக்கு ஒரு நிமிடம் விரல் வைப்பது முறையாயிற்று; யார் முறை என்று சுவரில் தாள் ஒட்டினார்கள். மாடியை அளக்க வந்த நகராட்சி அலுவலர் மலையைக் குனிந்து பார்த்து, மிதக்கும் பொருளுக்குத் தனிப் பிரிவு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். சைக்கிள் கடைக்காரர் காலமானார். அவர் கம்பி அவர் மகன் கைக்கு வந்தது. பிள்ளைகள் வளர்ந்து போனார்கள், தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். பொத்தான் கட்டுமான வேலையில் கிரேன் ஓட்டுகிறவள் ஆனாள். பதினாறு மாடி உயரத்தில் உட்கார்ந்து, இரும்பு விட்டங்களைப் பூ வைப்பது போல வைப்பாள் என்று மேஸ்திரிகள் சொன்னார்கள். எந்தக் கையால் என்று யாரும் கேட்கவில்லை.

டீச்சருக்கு அறுபத்தேழு வயதானபோது தையல்காரர் பக்கவாதத்தில் படுத்தார். பொத்தானின் அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். காலையில் கிரேன், மத்தியானத்திலிருந்து அப்பா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தும் முதுகில் புண் வந்துவிட்டது. பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு மத்தியானம் டீச்சர் போனபோது கதவு ஒருக்களித்திருந்தது. அப்பா கட்டிலில் தூங்கினார். பொத்தான் நாற்காலியில், களிம்புக் குழாயைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். தையல் மெஷின் மேல் மடித்த துணிகள் இருந்தன. கை மாற்றிவிட அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லை.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கட்டில் சட்டத்தின் அடியில் சுண்டுவிரலை வைத்தார். கட்டில் அசையவில்லை. தையல்காரர்தான் மெத்தையிலிருந்து நான்கு விரற்கடை எழும்பி, புண்பட்ட முதுகு எதன் மேலும் படாமல் மிதந்தார். தூக்கத்திலேயே ஒரு நீண்ட மூச்சு விட்டார். ஜன்னல் வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கும் வரை டீச்சர் அப்படியே நின்றார். பிறகு அவரைப் பதமாக இறக்கி, கதவை இருந்தபடியே ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். ஏழு நாள் வந்தார்.

ஏழாம் நாள் புண் ஆறி, புதுத் தோல் கட்டியிருந்தது. பொத்தானின் முகத்திலும் தூங்கியவளின் தெளிவு இருந்தது. டீச்சர் சத்தமில்லாமல் தெருவுக்கு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது, அவர் மேல் விழவில்லை, அவரும் கவனிக்கவில்லை. சுண்டுவிரலை உதறிப் பார்த்தார். வீங்கியிருந்தது. வலித்தது, நன்றாகவே வலித்தது. அந்த வலியைக் கொடுத்ததற்காகக் கண்ணனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

"வலிச்சுத்தான் இருக்கும்டி பொத்தான்" என்று தனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்த்தார்.