ஐந்நூறாவது வகுத்தல்

1

இந்தக் கதை என் கணவரின் கணக்கு நோட்டிலிருந்து வந்தது. முதல் வரியாக "அவர் போன மூன்றாம் மாதம்" என்று தொடங்கி அடித்துவிட்டேன். அடுத்தது, "எண்களுக்கும் மனம் உண்டு." பொய். அதையும் அடித்தாயிற்று. 'நான்' என்று எழுதினால் ஒரு பக்கம் தாண்ட மாட்டேன். 'அவள்' என்று வைத்துக்கொள்கிறேன்.

2

அவளுடைய கணவர் தராசு பழுதுபார்ப்பவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்காவது வாரமே சலித்துவிட்டார். போதும், இனி வரமாட்டேன் என்றார். அவள் அழுதாள். அவர் இயந்திரத்தின் தகட்டில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். 28278749.

"சரி, இந்த நம்பர் எதாலயாவது வகுபடற வரைக்கும் வரேன். வகுபட்டுட்டா என்னை இழுக்கக் கூடாது."

"வகுபடவே இல்லைன்னா?"

"அப்ப என் தலையெழுத்து."

3

(கணக்கு பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். அவள் தாண்டியதில்லை.) கடைசி இலக்கம் 9, ஆகவே 2, 5 இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 47, 3 இல்லை. 7-க்கு மீதி 2. இப்படி வர்க்கமூலம் வரை, அதாவது 5317 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மகள் போனை நீட்டியபோது வேண்டாம் என்றார். இடது கையில் ஊசி. வலது கையால் எழுதுவார். நோட்டு நழுவாமல் அவள் பிடித்துக்கொள்வாள். ஒரு நாளைக்கு மூன்று வகுத்தல்.

"என்ன சார், மெஷின் இன்னும் தோக்கலையா?" என்பாள் நர்ஸ்.

"அது என்னை மாதிரி இல்லம்மா. கெட்டி."

4

4001-ஆல் வகுத்த மறுநாள் இறந்தார். அடுத்த பக்கத்தில் 4003 எழுதி, கோடு மட்டும் போட்டிருந்தது.

நோட்டை மூடி வைக்க மனம் வராமல் அவள் கடைசியிலிருந்து பின்னோக்கிச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. 3571-இல் நின்றாள். அவருடைய ஐந்நூறாவது வகுத்தல். மீதி 1 என்று எழுதியிருந்தார். அவளுக்கு 0 வந்தது. நான்கு முறை போட்டாள். 3571-ஐ 7919-ஆல் பெருக்கினால் அதே எண்.

அதற்குப் பிறகும் ஐம்பத்தொரு வகுத்தல். பதினேழு நாள் ஊசிக்குக் கை நீட்டியிருக்கிறார்.

5

முடிவு அ: தவறிவிட்டார். ஒரு கிராம் பிசகினாலும் தூங்காதவர்தான். ஆனால் அன்று காய்ச்சல். அப்படியானால், வேண்டாம் என்றவரை அந்தப் பதினேழு நாளும் இழுத்துப் போனது அவள்தான்.

முடிவு ஆ: தெரிந்தே எழுதினார். விடுதலை கைக்கு வந்த நாளில் அதை மறைத்துவிட்டு, தானாகவே தொடர்ந்து வந்தார். அப்போது தலை நிமிர்ந்து அவளைப் பார்த்

இல்லை. நோட்டைப் பிடித்தபடி நான் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. ('அவள்' இனி வேண்டாம்.)

6

பென்சிலை எடுங்கள். 28278749-ஐ 3571-ஆல் வகுங்கள். மீதி பூஜ்யம்தான் வரும், அதில் சந்தேகமில்லை. மீதிக்கு நேரே என்ன எழுதுவது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். அவசரமில்லை. நோட்டு நழுவாது, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.