மானிட்டருக்கு அடித்த காற்று

தையல் மிஷின்களில் அப்பும் பஞ்சைக் காற்றடித்து விரட்டுவதுபோல் மானிட்டருக்கும் அடிக்கச் சொன்னவர் பனியன் கம்பெனி முதலாளி அர்த்தநாரிதான். கம்ப்ரசர் குழாய் காற்றோடு தண்ணீரையும் பீய்ச்ச, மானிட்டர் இருண்டுபோனது. துணி வெட்டுவதற்கான படம் கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டது. மாலைக்குள் வெட்டாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வந்த முகிலன் பிளக்கைப் பிடுங்கிச் செருகினான், வயரை மாற்றினான், பொத்தானை அழுத்திப் பிடித்தான். முதுகில் பை மாட்டி வருகிறவன் எல்லாம் திருடன் என்பது அர்த்தநாரியின் முடிவு.

"புதுசு வாங்கோணும்னு சொல்லத்தானே வந்திருக்கறே?"

"இல்லீங்க. வேற மானிட்டர் மாட்டிப் பாக்கோணுமுங்க. உங்க ரூம்ல கேமரா பாக்கறது இருக்குதுங்களே."

எவன் செல்போன் நோண்டுகிறான் என்று அர்த்தநாரி நாளெல்லாம் வேவு பார்க்கும் மானிட்டர் அது.

"அதையும் தூக்கிட்டுப் போகப் பாக்கறயா?"

"மாமா, ஆர்டர் போயிருமுங்க," என்றாள் மருமகள் தேஜஸ்ரீ.

கழற்றி வந்து மாட்டியதும் படம் பளிச்சென்று தெரிந்தது.

"கம்ப்யூட்டர் நல்லாத்தானுங்க இருக்குது. பழைய மானிட்டர்தான் போச்சுங்க," என்றான் முகிலன்.

"இதுக்கொரு படிப்பு!" என்று துப்பப்போன அர்த்தநாரி, எதிரில் துணி விரித்திருந்ததால் எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

படத்தை அச்சடித்துத் துணிமேல் பரப்பினார்கள். வெட்டும் மிஷின் ஓடத் தொடங்கியது. இனி அவர் அறையில் பார்க்க ஒன்றுமில்லை. நாற்காலியை இழுத்துவந்து வெட்டும் மேசைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னடா முழிக்கறீங்க? வேலையைப் பாருங்க. இனி நானேதான் கேமரா."