ரேமார்க் பெண் கேட்ட நாள்

வின்ஸ்டனின் பெயர் மடிக்கணினியில் வந்துவிட்டது. முகம்தான் வரவில்லை. கிமாராஸ் தீவில், மணப்பெண்ணின் அப்பா எர்னிங் வீட்டுக் கூடத்தில், இரண்டு குடும்பமும் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. மேசையில் முழுப்பன்றி வறுவல் மணத்தது. பேச்சு முடியாமல் அதில் கத்தி வைப்பது அந்த வீட்டு வழக்கமில்லை என்பதால், கறுப்புத் திரையின் மேல் எல்லோருக்கும் கூடுதல் கோபம்.

பெண் கேட்க வந்த ரேமார்க்குக்குக் காது கேட்காது, கைகளால் பேசுவான். அப்பா அம்மா போனதிலிருந்து அக்கா ஜெசெல்தான் அவனுக்கு வாய். இன்றைக்கு மட்டும் அவள் வேண்டாம் என்று போன வாரமே சொல்லிவிட்டான். "நீ பேசினா உன் ஆசையையும் சேத்துப் பேசிடுவே, அக்கா" என்று அவன் கைகள் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. பொய் என்று சொல்லவும் முடியவில்லை. மணப்பெண் ஐவிக்கும் கைப்பேச்சு தெரியும். ஆனால் தன்னைக் கேட்க வந்தவனுக்குப் பெண்ணே குரல் கொடுக்க எந்த அப்பா விடுவார்?

அதனால்தான் மொழிபெயர்ப்பாளன் வின்ஸ்டன். இலோயிலோ நகரத்தில் ஜெசெலும் இன்னும் இரண்டு பேரும் ஆறு மாதமாக உயிரைக் கொடுத்துக் கட்டிய சேவை அது. எந்தப் பிரவுசரைத் திறந்தாலும் கைப்பேச்சு மொழிபெயர்ப்பாளர் எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார். அலுவலகத்தில் நாற்பது தடவை சோதித்திருந்தார்கள். ஒரு தடவைகூடப் படம் சொதப்பியதில்லை. வெளியே நடக்கும் முதல் அழைப்பு இதுதான்.

"ஏம்மா, எப்பவும் சொல்றவ நீதானே. ரெண்டு வார்த்தை சொல்லி முடியேன். பன்னித் தோலு நமத்துப் போகுது" என்றார் கூட வந்திருந்த தாசியோ மாமா.

"அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறவர் வர்றதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துடுவான் போல" என்றார் எர்னிங். கூடம் சிரித்தது. ஐவி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெசெல் தம்பியைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை தலையசைத்தான்.

"பத்து நிமிஷம், அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவள் இணைப்புப் பதிவைத் திறந்தாள். பெயர் வந்திருக்கிறது என்றால் தளம் வேலை செய்கிறது. படம் மட்டும் தளத்தின் வழியாக வராது. இரண்டு பிரவுசரும் நேருக்கு நேர் கைகோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு, 'வெளியிலிருந்து பார்த்தால் உன் முகவரி இதுதான்' என்று இரண்டுக்கும் சொல்ல ஒரு சர்வர் வேண்டும். நேர்வழி அடைபட்டால் படத்தை வாங்கி மறுபக்கம் தருவதும் அதுதான். பதிவில் அந்த சர்வரிடமிருந்து ஒரு பதில்கூட இல்லை. செத்துவிட்டதா? அந்த சர்வர் ஓடும் வாடகை இயந்திரத்துக்குள் மடிக்கணினி வழியாகவே நுழைந்து பார்த்தாள். அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இன்றைக்கு யாரும் அதன் கதவைத் தட்டவில்லை. இன்றைக்கு என்ன, என்றைக்குமே தட்டியதில்லை.

பக்கத்தின் அமைப்பில் சர்வர் முகவரியைப் பார்த்தாள். 192.168 என்று தொடங்கியது. அலுவலக மூலையில், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய கணினியின் உள் முகவரி. முதல் மாதம் அதில்தான் எல்லாவற்றையும் அமைத்தார்கள். பிறகு வாடகைக்கு இயந்திரம் எடுத்தார்கள். முகவரியை மாற்ற மூன்று பேருக்கும் தோன்றவில்லை. ஒரே கூரையின் கீழ் சோதித்த நாற்பது தடவையும் அந்தக் கிழடுதான் ஓடி ஓடி உழைத்திருக்கிறது. அந்தக் கூரையைத் தாண்டினால் அந்த முகவரிக்கு அர்த்தமே கிடையாது. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதைவிட, எழுந்து ஆடத் தோன்றியது. கண்டுபிடித்துவிட்டாள்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி, வாடகை இயந்திரத்தின் முகவரி. அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். தளத்தில் ஏற்றினாள். பக்கத்தைப் புதுப்பிக்கும்படி வின்ஸ்டனுக்கு எழுதினாள். கறுப்பு ஒரு நொடி நின்றது. பிறகு பூப்போட்ட சட்டையும் அகலமான முகமுமாக வின்ஸ்டன் வந்தான். தாசியோ மாமா கை தட்டினார்.

ரேமார்க் எழுந்து நின்றான். அவன் கைகள் அசைய, பெட்டியிலிருந்து குரல் வந்தது. "வணக்கம் ஐயா. உங்க பொண்ணக் கட்டிக்க ஆசைப்படறேன்."

எர்னிங் பெட்டியை நோக்கிக் குனிந்து பதில் சொல்லப் போனார்.

"என்னைப் பாக்காதீங்க ஐயா. பேசறது அவரு. அவரைப் பாருங்க" என்றான் வின்ஸ்டன்.

எர்னிங் திரும்பி, முதல் முறையாக ரேமார்க்கை நேராகப் பார்த்தார். ரேமார்க்கின் கைகள் மறுபடி அசைந்தன.

"அக்கா எங்களுக்காக அவ வீட்டு மாடியில ரூம் கட்டிட்டிருக்கா. நான் அங்க போகல. இந்தத் தீவுலயே, ஐவி கூட இருக்கப்போறேன். இத அக்காகிட்ட இன்னும் சொல்லல."

அந்த மாடி அறைக்குப் போன வாரம்தான் ஜெசெல் ஜன்னல் வைத்தாள். இதை அவள் வாயால் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாள். அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

எர்னிங் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "நீ வளத்த புள்ள. நீ என்னம்மா சொல்றே?"

ரேமார்க் அவள் உதடுகளைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தான். ஜெசெல் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு தம்பியின் மொழியிலேயே பதில் சொல்ல, மடியிலிருந்து இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாத வின்ஸ்டன், அதைக் குரலாக்கக் காத்து, கேமராவுக்கு வெகு அருகில் வந்தான்.