வெள்ளிக்கிழமைக் கைப்பேச்சு

சோடாபுட்டி என்பது பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அது பட்டம் போய்ப் பதவி மாதிரி ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடமாக அங்கே லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துகிறாள். அப்பாவை அவள் அத்தா என்பாள். அத்தாவும் அவளை அப்படித்தான் அழைப்பார், வாயால் அல்ல. இரண்டு கை விரல்களையும் வளையமாக்கிக் கண்ணருகே வைத்தால் அது அவள்தான். அத்தாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. உம்மாவுக்கும் அதே கதைதான். அந்த வீட்டில் வாய் திறந்து பேசக்கூடிய ஒரே ஆள் இவள் என்பதால், பால்காரரிடம் கணக்குத் தீர்ப்பதிலிருந்து வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நிற்பதுவரை எல்லாம் சிறு வயதிலேயே இவள் தலையில் விழுந்தது.

அத்தா தச்சர். நாற்பது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பள்ளிவாசலுக்குப் போய் முதல் வரிசையில் உட்காருவார். இமாமாக இருக்கும் ஹஜ்ரத் அரை மணி நேரம் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, செய்வார். அத்தா அவருடைய தாடி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீடு திரும்பியதும், "இன்னைக்கு என்ன சொன்னார்?" என்று கையால் கேட்பார். கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த மகளுக்கு என்ன தெரியும்?

பெருந்தொற்று வந்து பள்ளிவாசலைப் பூட்டிய மாதங்களில் பயான் யூடியூபுக்கு வந்தது. முதல் வெள்ளிக்கிழமை அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சமையலறையில் அத்தாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஹஜ்ரத் சொல்லச் சொல்லக் கையால் சொன்னாள். அன்றைய பேச்சு பொறுமையைப் பற்றி. முடிந்ததும் அத்தா வெகுநேரம் அசையாமல் இருந்தார். மனுஷன் உருகிவிட்டார் என்று நினைத்தாள்.

"இவ்வளவுதானா?" என்றார் அத்தா கையால். "இதுக்கா அரை மணி நேரம்? நான் என்னமோ பெரிசா நெனச்சுட்டேன்."

ஆனாலும் அடுத்த வாரம் பன்னிரண்டரைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். அவளைப் போனில் படம் பிடித்துத் தன் கூட்டாளிகளின் வாட்ஸப் குழுவில் போட்டார். காது கேளாத தையற்காரர் ஒருவர் அடுத்த வாரமும் வேண்டும் என்றார். அவர் வேறொரு ஊருக்கு அனுப்பினார். பள்ளிவாசல் திறந்த பிறகும் இதை விட முடியவில்லை. கடை முதலாளியம்மா மதிய இடைவேளையில் கண் பரிசோதனை அறையை அவளுக்குக் கொடுத்தார். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, போனை ஸ்டாண்டில் நிறுத்தி, காதில் பயானைக் கேட்டபடி நேரலையில் கையசைப்பாள். இரண்டு வருடத்தில் மூவாயிரம் பேர் பார்த்தார்கள். அத்தா அதே முதல் வரிசையில், மடியில் போனை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தபடி பயான் கேட்டார். விவரம் தெரியாத ஒருவர், பள்ளிக்குள்ளே போன் பார்க்கிறாரே என்று முறைத்துத் தள்ளினார்.

பெரிய தலைவலி சொற்கள்தான். தக்வா என்று ஹஜ்ரத் மூச்சுக்கு ஒரு தடவை சொல்வார். இறையச்சம் என்று நடுங்கிக் காட்டினால் பேய்க்குப் பயந்த மாதிரி இருக்கிறது. ஆளுக்கொரு சைகை, ஊருக்கொரு சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேர் வீடியோ அழைப்பில் கூடி மூன்று மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் அத்தா, ஓடுகிற ரம்பத்துக்கு எவ்வளவு தள்ளிக் கை வைக்க வேண்டுமோ அவ்வளவு தள்ளிக் கையை நிறுத்திக் காட்டினார். பயமும் இருந்தது, கவனமும் இருந்தது, வேலையும் நிற்கவில்லை. பதினாறு சதுரங்களிலும் தலைகள் ஆடின. அந்தச் சைகையே நிலைத்துவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பள்ளிவாசல் ஜமாத்தின் நிர்வாகத் தேர்தல் வந்தது. துணைத் தலைவர் பதவிக்கு நின்ற லாரி ஆபீஸ்காரருக்குப் பேச ஒரு விஷயம் தேவைப்பட்டது. ஹஜ்ரத்தின் பயானோடு ஒரு பெண்ணின் முகம் ஊரெல்லாம் சுற்றுவது சரியா என்று உறுப்பினர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினார். கூடவே யாரோ ஒரு வெளிநாட்டுப் பேச்சாளர் சீறுகிற நாற்பது நொடிப் படத்தையும் போட்டார். முழுப் பேச்சைத் தேடிப் பார்த்தால் அந்த மனிதர் சினிமா ஆட்டத்தைப் பற்றிப் பேசியிருந்தார். முன்னும் பின்னும் வெட்டினால் எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். தேடிப் பார்க்க யாருக்குப் பொழுது இருக்கிறது? இருநூறு பேர் ஃபார்வர்ட் செய்தார்கள்.

ஜமாத் செயலாளர் அவளைப் போனில் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. தேர்தல் முடியிற வரைக்கும் கொஞ்சம் நிறுத்தி வெச்சா நல்லது. எனக்கு ரெண்டு பக்கமும் இடி."

"ஹஜ்ரத் என்ன சொல்றாங்க?"

"அவருக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா நிர்வாகத்துல தலையிட மாட்டாரு."

கணவன் பேருந்து ஓட்டுநர். அவனிடம் சொன்னபோது, "ரெண்டு வாரம்தானே, விடேன்," என்றான். அந்த வெள்ளிக்கிழமை அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு நேரத்துக்குச் சாப்பிட உட்கார்ந்தாள். போன் துடித்துக்கொண்டே இருந்தது. மாலைக்குள் எண்பத்தாறு வீடியோக்கள் வந்திருந்தன. எதிலும் சத்தம் இல்லை. முகங்களும் கைகளும் மட்டும். என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா, நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா என்று கேட்டன.

அத்தா வீடியோ அனுப்பவில்லை. நேரே கடைக்கு வந்தார். மரத்தூள் ஒட்டிய கையால், "ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. என்கூட வா," என்றார்.

"நான் எதுக்கு?"

"என் வாயை வீட்டுல விட்டுட்டா போக முடியும்?"

ஞாயிறு மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். பள்ளிவாசல் கீழ்த்தளத்தில் நூறு பேர் இருந்தார்கள். பின்பக்கம் பெண்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. நூறு பேரில் இருபத்துமூன்று பேர் அத்தாவோடு வந்த காது கேளாத கூட்டாளிகள். எல்லோரும் பழைய உறுப்பினர்கள். இத்தனை வருடத்தில் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை, வந்து என்ன செய்ய? அத்தா எழுந்து நின்றார். அவள் நடுவில் வந்து, அவருடைய கையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"நான் நாப்பது வருஷமா முதல் வரிசையில உக்காந்திருக்கேன்."

"யாரு, இந்தப் பொண்ணா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அவங்க அத்தா சொல்றாரு. அவரா நெனச்சுக் கேளுங்க," என்றார் செயலாளர்.

"பழைய ஹஜ்ரத் கையை நீட்டுனா நரகம், கையைக் கட்டுனா சொர்க்கம்னு நானே ஒரு கணக்கு வெச்சிருந்தேன். பின்னாடி திரும்பிப் பாத்து, எத்தனை பேர் கொட்டாவி விடுறாங்கன்னு எண்ணுவேன். எட்டு ஆனா பயான் முடியப் போகுதுன்னு அர்த்தம்."

கூடம் சிரித்தது. ஹஜ்ரத்தும் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அத்தா ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார். "சிரிக்கிறாங்க, நீங்க சொன்னதுக்கு," என்று காட்டினாள். அவர் தலையைத் திருப்பி அந்த வாய்களையெல்லாம் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

லாரி ஆபீஸ்காரர் எழுந்தார். "எல்லாம் சரி. ஹஜ்ரத் ஒண்ணு சொல்ல இவங்க ஒண்ணு சொன்னா யாருக்குத் தெரியும்? மார்க்க விஷயம். சரியாத்தான் சொல்றாங்கன்னு யார் பொறுப்பு?"

நியாயமான கேள்விதான். அவள் அதை ஒரு சொல் குறையாமல் அத்தாவுக்குச் சொன்னாள். அத்தா யோசித்துவிட்டுக் கையைத் தூக்கினார். முதல் அசைவிலேயே எந்தக் கதை வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அத்தாவின் கண் அவளுடைய உதட்டின் மேலேயே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இவ சின்னப் பிள்ளையில தில்லுமுல்லு பண்ணுவா. ஆறாம் வகுப்புல டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு கணக்குல முட்டை, வாயாடி, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுறான்னு சொன்னாங்க. இவ எனக்கு, டீச்சர் என்னைப் புகழுறாங்கன்னு மாத்திச் சொன்னா. எனக்குக் காதுதான் கேக்காது. டீச்சர் மூஞ்சி தெரியாதா? சொன்னதை எழுதி வாங்கிப் பாத்தேன். இவளோட பொய் எப்படி இருக்கும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பொய் சொன்னா இடது புருவம் தூக்கும். ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை நான் அந்தப் புருவத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அது அசையல."

அவள் காது மடல் வரை சிவந்துபோனாள். கணவன் சுவரோரம் முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு குலுங்கினான். முட்டை வாங்கிய விஷயம் அவனுக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

"தன்னைப் பத்தின இதையே மறைக்காம சொல்லுது," என்றார் ஹஜ்ரத் மெதுவாக. "நான் சொல்றதை மாத்தி அதுக்கு என்ன லாபம்?"

நேரலை வேண்டும் என்பவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். அத்தாவின் கூட்டாளிகள் சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். அவர்களுடைய கைதட்டல் அதுதான். செயலாளர் எண்ணி முடித்தபோது, வந்திருந்த ஆட்களைவிட ஓட்டு அதிகமாக இருந்தது. ஆளுக்கு ஒரு கை என்று அவள் விளக்கி மறுபடி எண்ணியதில், நேரலை தொடரலாம் என்பதற்கு எண்பத்தொன்று விழுந்தது.

செவ்வாய்க்கிழமை லாரி ஆபீஸ்காரர் கடைக்கு வந்தார். கண்ணாடி பார்க்கிற மாதிரி நாலைந்து ஃபிரேமைப் போட்டுப் பார்த்தார்.

"இந்த இருபத்துமூணு பேருக்கும் புரியிற மாதிரி எனக்கு ஓட்டுக் கேட்டு ஒரு வீடியோ போட்டுத் தர முடியுமாம்மா? ரெண்டு நிமிஷம் போதும்."

"பொம்பளை முகம் வருமே, பரவாயில்லையா?"

அவர் கழற்றிய ஃபிரேமை மிகக் கவனமாக மடித்தார். "நான் அப்ப யோசிக்காம எழுதிட்டேன். அந்த வீடியோவை முழுசாப் பாக்கல."

"அதையும் சேத்துச் சொல்லுங்க. கையால போட்டுத் தர்றேன்."

சொன்னார். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் போட்டுக் கொடுத்தாள். அவர் ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதில் எத்தனை எந்த வீட்டு ஓட்டு என்று யாருக்குத் தெரியும்? தான் அவருக்குப் போடவில்லை என்றார் அத்தா. அவருக்கும் இடது புருவம் லேசாகத் தூக்கியது.

ஹஜ்ரத் இப்போது வியாழக்கிழமை மாலையே பயான் குறிப்பை அவளுடைய போனுக்கு அனுப்பிவிடுகிறார். கடினமான சொல் வந்தால் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, அவள் கை முடிந்திருக்கும் என்று தோன்றிய பிறகே மேலே போகிறார். இதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை ஐந்து நிமிடம் தாமதமாகிறது. ஹஜ்ரத்துக்கு வயதாகிவிட்டது, பேச்சில் வேகம் குறைந்துவிட்டது என்று பின்வரிசையில் பேசிக்கொள்கிறார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. ஆமாம், மூட்டு வலியும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.