நிகர லாபம் நாற்பத்திரண்டு லட்சம்

கணக்கு முடிந்த நாளிலிருந்து அண்ணனுக்குத் தரையில் கால் பாவவில்லை. நிகர லாபம் நாற்பத்திரண்டு லட்சம். சலவைக்கூடம் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு எண்ணை அந்தத் தாளின் அடியில் யாரும் பார்த்ததில்லை. கொதிகலன் ஆளிடம் சொன்னார், வண்டி ஓட்டுகிறவரிடம் சொன்னார், சோப்புத்தூள் மூட்டை இறக்க வந்தவரிடமும் சொன்னார். சோப்புத்தூள்காரர் ரொம்ப சந்தோஷம் என்று கை கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே தன் விலையைக் கூட்டினார்.

சொல்லித் திரிந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இன்னொரு இஸ்திரி இயந்திரம், ஆள் உயர உருளை வைத்தது, வாங்குவதென்று முடிவு செய்து, அது நிற்க வேண்டிய இடத்துக்குக் கூடத்தின் நடுவில் மஞ்சள் பெயிண்டால் கட்டம் போட்டுவிட்டார். ஈரத்துணி வண்டியைத் தள்ளி வருகிறவர்கள் இன்னும் வராத இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வங்கியும் கடனுக்குச் சம்மதித்துவிட்டது. ஈடு, குடும்பம் மொத்தமும் குடியிருக்கும் வீடு. திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்து.

இன்று சனிக்கிழமை. கண்ணாடித் தடுப்பு போட்ட அலுவலக அறையில் அண்ணனின் தங்கை இரண்டு தாள்களை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் அவளுக்குக் கணக்கக்கா என்று பெயர். அந்த நாற்பத்திரண்டைக் கூட்டிக் கழித்து எழுதியவளே அவள்தான். அதில் ஒரு காசு பிசகில்லை. தணிக்கையாளரும் கையெழுத்துப் போட்டாயிற்று. பிசகே இல்லாத அந்தக் கணக்கை நம்பி அண்ணன் வீட்டைத் தொலைக்கப் போகிறாரே என்பதுதான் அவள் கவலை. கவலையே தவிர, பயம் கிடையாது. எண்களின் விஷயத்தில் தன்னை அசைக்க ஒருவர் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்பது அவளுடைய உறுதியான அபிப்பிராயம்.

அண்ணனைக் கூப்பிட்டாள். தரம் பிரிக்கும் மேசையிலிருந்து அண்ணியையும் கூப்பிட்டாள். அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, உட்காராமல் கதவோரம் நின்றாள்.

"அண்ணா, இந்த நாப்பத்திரண்டு எங்கேருந்து வந்துச்சு?"

"இதென்ன கேள்வி? துணி தொவச்சதுல வந்துச்சு."

"முழுசுமா?"

"வந்த பணத்துல சோப்பு, கரண்ட், கூலி, வட்டி, இயந்திரத் தேய்மானம், வரி எல்லாம் போக நிக்கிறதுதான் நிகர லாபம். நீதான எனக்குச் சொல்லிக்குடுத்த? எல்லாம் போகத்தான இவ்வளவு நிக்குது?"

பாடத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பின்பக்க மனையை வித்தோமே, அதுல வரி போக இருபத்துநாலு லட்சம் இதுக்குள்ளதான் உக்காந்திருக்கு. அடுத்த வருஷம் எந்த மனையை விப்ப?"

அண்ணன் கொஞ்சம் நிமிர்ந்தார். மனை விற்றது அவருக்குத் தெரியாததல்ல; விற்ற காசு லாபத்தோடு கலந்துகிடப்பதுதான் மண்டையில் ஏறியிருக்கவில்லை. ஆனால் அவர் ஒன்றும் ஏமாளி அல்ல. விரல்விட்டு எண்ணினார்.

"சரி, பதினெட்டுன்னே வெச்சுக்கோ. தவணை வருஷத்துக்குப் பதினஞ்சு. கட்டிட்டு மூணு நிக்குமே. அப்புறம் ஓட்டல்காரங்க ரெண்டாவது கட்டிடத்துத் துணியையும் நமக்கே தர்றேன்னிருக்காங்க."

"அந்தப் பதினெட்டுலதான் வீட்டுல ஏழு பேர் சாப்பிடுறோம். அதை விடு. எல்லாம் போகன்னு சொன்னியே, எல்லாம் போகலை அண்ணா."

இரண்டாவது தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். அதில் மூன்றே வரிகள். மேலாளர், ஒன்பது லட்சம். மேற்பார்வையாளர், ஆறு. கணக்காளர், ஐந்து.

வீட்டு ஆளுக்குச் சம்பளம் கிடையாது என்பது அந்தக் குடும்பத்தில் எழுதாத சட்டம். சட்டம் என்பதைவிடப் பெருமை. வீட்டுக்கு வேண்டியதை அண்ணன் லாபத்திலிருந்து எடுத்துக்கொள்வார். அது செலவில் ஏறாது. ஆகவே மூன்று பேர் உயிரைக் கொடுத்து உழைத்த உழைப்புக்குக் கணக்கில் ஒரு பூஜ்யம்கூட இல்லை, பூஜ்யம் போடவும் ஒரு வரி வேண்டுமே. வருடக்கணக்கில் அப்படி எழுதி எழுதி, கணக்கக்காவுக்கே அது கண்ணில் படாமல் போயிருந்தது. இந்த வருடம் அண்ணிக்கு மணிக்கட்டு பிசகிப் பன்னிரண்டு நாள் வராமல் இருந்தபோது வெளியாள் வைத்துக் கூலி கொடுத்தார்கள். அந்த மாதத்து லாபம் தொப்பென்று விழுந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குச் சுருக்கென்றது.

"இருபது லட்சம் சம்பளம் போனா வரியும் குறையும். அதையும் சரிபண்ணிட்டேன். நிக்கிறது மூணு லட்சம்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ என் கூடப் பொறந்தவளா, சம்பளக்காரியா?"

"கூடப் பொறந்தவதான். அதனாலதான் சும்மா பாத்துக் குடுத்தேன். நாங்க சும்மா செஞ்சதை நீ லாபம்னு எண்ணிட்டிருக்க. நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்து மூணு மாசம் படுத்தா, அந்த லாபமும் என்கூடப் படுத்துக்கும். தவணை படுக்காது."

"பெரிய பேச்சு பேசுற."

"பேசாம இருந்தா வீடு போயிடும்."

இந்த இடத்தில் அண்ணி கதவோரத்திலிருந்து வந்து தாளை எடுத்தாள். தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல நான் எது?"

"ரெண்டாவது வரி அண்ணி. மேற்பார்வையாளர்."

"ஆறு."

"வெளியில நாலு இடத்துல விசாரிச்சுத்தான் போட்டேன். அந்த வேலைக்கு அதுதான் குடுக்கிறாங்க."

"நான் வராத பன்னிரண்டு நாள் எத்தனை பேரை வெச்சீங்க?"

"ரெண்டு பேரை," என்றாள் கணக்கக்கா. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"அவங்களும் தேறலையே," என்றார் அண்ணன், எந்தப் பக்கம் பேசுகிறோம் என்று யோசிக்காமல். "கறை போகலைன்னு முந்நூறு விரிப்பு ஓட்டல்லேருந்து திரும்பி வந்துச்சு."

அண்ணி தாளை மேசைமேல் வைத்தாள். "அந்த ரெண்டு பேர் கூலியை நீதான எழுதின? அப்புறம் எனக்கு மட்டும் ஏன் ஒரு ஆள் சம்பளம்?"

கணக்கக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணனுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல வந்தவள் அவள். அண்ணி விடியுமுன் வந்து அழுக்கு மூட்டை பிரிப்பதும், எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று ஒதுக்குவதும், சாயங்காலம் வண்டி ஏறும் ஒவ்வொரு துணிக்கட்டையும் எண்ணி விடுவதும் அவளுக்குத் தெரியாததா? தன் ஐந்து லட்சத்தைக் குறையாமல் போட்டுக்கொள்ள மறக்கவில்லை. அண்ணிக்கு மட்டும் கை சுருங்கியிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவளுக்கு வந்தது பேனாதான். ஆறை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினாள், கீழே கழித்தாள்.

"இப்ப வரி கட்டவே ஒண்ணும் நிக்கலை. ஒரு லட்சம் நஷ்டம்," என்றாள். தப்பு தன்னுடையது, விடை சரியானது. விடை சரியாக வந்ததும் அவளுக்குத் தெம்பும் வந்துவிட்டது.

அண்ணன் எழுந்து கண்ணாடித் தடுப்பருகே போய் நின்றார். வெளியே பழைய இஸ்திரி இயந்திரம் வெள்ளை விரிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அப்ப ஓட்டல் துணி?"

"அவங்க குடுக்கிற விலைக்கு ஒரு விரிப்பு தொவச்சா கையைக் கடிக்குது. ரெண்டு மடங்கு தொவச்சா ரெண்டு மடங்கு கடிக்கும். அதுக்குப் போய் வீட்டை ஈடு வெக்கணுமா? விலையைக் கேளு அண்ணா. நூத்துக்குப் பதினஞ்சு கூட்டினா போதும். எல்லாருக்கும் சம்பளம் குடுத்து, வரியும் கட்டி, அஞ்சு லட்சம் கிட்ட நிக்கும். சின்ன எண்ணுதான். யார் படுத்தாலும் நிக்கும்."

"குடுப்பாங்களா?"

"நான் பேசுறேன்," என்றாள் அண்ணி. "எந்த அறை விரிப்பு எப்படி வருதுன்னு எனக்குத்தான் தெரியும். வேற யாரு இந்த விலைக்கு அதை வெளுத்துக் குடுப்பாங்கன்னு கேக்குறேன். முந்நூறு திரும்பி வந்ததை அவங்களும் மறந்திருக்க மாட்டாங்க."

அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து வங்கி அதிகாரியைக் கூப்பிட்டார். லாபத்தை ஊருக்கெல்லாம் சொன்ன அதே குரல், ஒரு பிடிகூடக் குறையவில்லை.

"சார், திங்கக்கிழமை கையெழுத்து வேணாம். இல்ல சார், வேற வங்கிக்கெல்லாம் போகலை. உங்ககிட்ட இருக்கிற தாள்ல நாப்பத்திரண்டு லட்சம்னு போட்டிருக்கும். எங்க கணக்குப்படி ஒரு லட்சம் நஷ்டம். கள்ளக்கணக்கு இல்ல சார், சுத்தமான கணக்குதான். என் பொண்டாட்டி சம்பளத்தைச் செலவுல சேர்க்காம விட்டுட்டோம்."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அண்ணன் கைப்பேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருஷமா விட்டீங்கன்னு கேக்குறார்."

கணக்கக்கா பேரேடுகள் இருந்த அலமாரி பக்கம் திரும்பினாள். எந்தப் பேரேட்டிலும் அவள் அதை எழுதி வைத்திருக்கவில்லை.

"பதினாலு," என்றாள் அண்ணி.