சக்களத்தி தூங்கிட்டாளா?

சிவப்பு வண்டியின் பானட் திறந்து நின்றது. மெக்கானிக் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மட்கார்டின் மேல் பூப்போலச் சாய்ந்து பெட்ரோல் குழாயின் இணைப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கிள் உரசி ஒரு கோடு விழுந்தாலும் தொலைந்தது. ஐம்பது வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார். அந்தப் பெயிண்ட் இப்போது எங்கும் கிடைக்காதாம்.

"யோவ், கட்டுனவளக்கூட நீ இத்தனை பதமாத் தொட்டதில்ல," என்றாள் வண்டியின் பின்பக்கம் நின்றிருந்த அவன் மனைவி. பட்டறைக்கு எலக்ட்ரீஷியன் அவள்தான்.

"கட்டுனவ இப்படி மினுக்கினா தொடலாம்."

"மினுக்குவா, மினுக்குவா. சக்களத்தி!"

வண்டி வந்த முதல் நாளே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் அதில் உள்ளுக்குள் ஒரு குஷிதான்.

இந்த வண்டியோடு எச்சரிக்கையாகத்தான் பழக வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் குழாய்க்குள் அழுத்தம் அடங்காது. சாதாரணமாக, பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக மூச்சடங்கும்வரை ஓடவிடுவார்கள். இப்போது ஸ்டார்ட்டர் கழன்று கிடந்ததால் அதற்கு வழியில்லை. அவள்தான் பின்பக்கம் ஃப்யூஸை எடுத்து, டிக்கியிலிருந்த பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, அடியிலிருந்த திருகைத் தளர்த்தி, குழாயில் மிச்சமிருப்பதை டப்பாவில் வடிய விட வேண்டும். தூக்கி நிறுத்திய பானட்டுக்கு அந்தப் பக்கம் அவள் செய்வது அவனுக்குத் தெரியாது. அதனால், "தூங்கிட்டாளா?" என்று கேட்பான். கடைசிச் சொட்டும் விழுந்த பிறகு, "தூங்கிட்டா" என்பாள். அதற்கப்புறம்தான் ஸ்பானர் இணைப்பில் ஏறும். மூன்று வாரமாக ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

அன்றைக்கு அவள் மனசு வண்டியில் இல்லை. மூன்று வயசுப் பாப்பாவுக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். காய்ச்சல் குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். இரண்டு பேரில் ஒருவருக்காவது லீவு கேட்டபோது மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நாலு மணிக்கு வண்டி கண்காட்சிக்குப் போகணும்மா. நாளைக்கு வேணும்னா ரெண்டு பேருமே எடுத்துக்குங்க. குழந்தைய இங்கயே ஒரு ஓரமாப் படுக்க வைங்க. யாரு வேணாங்கப் போறா?"

ஓரம் என்றால், வண்டிக்குப் பின்னால் இருந்த டயர் அறை. அங்கே விரித்த போர்வையில் பாப்பா முனகிக்கொண்டு கிடந்தாள். தாய்க்காரி ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டாள். பேட்டரியில் கை வைக்கப் போகும்போது, "அம்மா" என்று சத்தம் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். ஈரத்துணியை மாற்றி, நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். பாப்பாவின் இமை மெல்ல மெல்ல மூடியது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"தூங்கிட்டாளா?" என்று அவன் குரல் வந்தது.

பெத்த அப்பனுக்கு இல்லாத கவலையா என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

"தூங்கிட்டா," என்றாள்.

முன்பக்கம் சீறல் கேட்டது. அடுத்த நொடி, "ஐயோ, கண்ணு!" என்ற அலறல். அவள் வெளியே ஓடிவந்தபோது அவன் இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். மட்கார்டு நெடுக பெட்ரோல் வழிந்தது. பேட்டரியின் பக்கம் போன கையை அவளே இழுத்துக்கொண்டாள். இந்த ஆவியில் அதைத் தொட்டுப் பொறி தெறித்தால் மூன்று பேரும் சாம்பல்தான். பாப்பாவை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு, அவன் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"தூங்கிட்டான்னியேடி!"

"நான் பாப்பாவச் சொன்னேன்யா!"

"நான் உன் சக்களத்தியக் கேட்டேன்டி..."

அந்த வேதனையிலும் அவன் வாய் ஓரத்தில் சிரிப்பு வந்தது. அவளுக்கு அழுகைதான் வந்தது. பெட்ரோலில் நனைந்த அவன் சட்டையைக் கழற்றி எறிந்து, அவனை வாசல் குழாயடியில் குந்த வைத்து, ஹோஸைத் திறந்தாள்.

"கையால இமையப் பிரிச்சுப் பிடி. மூடாத. கால் மணி நேரமாவது தண்ணி ஓடணும். என் ராசால்ல, பிடிச்சுக்கோ."

அவன் சமத்தாகப் பிடித்துக்கொண்டான். பாப்பா அவள் தோளில் சிணுங்கினாள். வாடை பிடித்து ஓடிவந்த மேனேஜர் வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ! பெயிண்ட்டுலயா பட்டுச்சு?"

"சார், இவரு கண்ணுல..."

"தெரியுதும்மா, தெரியுது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்றேன். பெயிண்ட் பொரிஞ்சிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டே நிமிஷம், குடு."

ஒரு கையில் குழந்தையை வைத்திருந்தவளால் இன்னொரு கையில் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடியும்? ஹோஸ் அவர் கைக்குப் போனது. வாசலில் நின்றபடியே அவர் மட்கார்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்.

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிவந்துபோன இரண்டு கண்ணையும் விரலால் பிளந்து பிடித்துக்கொண்டு, முகத்தை அவள் இருக்கும் பக்கமாகத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான்.